பழிக்கு மூலப்பத்திரம் தேடிய மதினி

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தேன். தேனி ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் செய்தார். "முத்து, உங்க மதினி போயிட்டா" என்றார். கையில் இருந்த குலையைக் கூடையில் வைத்துவிட்டு அடுத்த குலையையும் வெட்டினேன். கூட வேலை பார்த்த அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு கத்தரியைப் பிடுங்கினார்.

தனலட்சுமி மதினி என் அண்ணன் முருகேசனின் மனைவி. உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதும் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். அங்கே அவரோடு வேலை பார்த்தவர்களும், பத்திர வேலைக்கு வந்து பழகியவர்களும் சேர்ந்து முப்பதாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். கூடவே திரிந்தவள் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. உங்களுக்கெல்லாம் மதினியைச் சிரித்த முகமாகத் தெரியும். அவர் எப்படிச் செத்தார் என்பதுதான் பலருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். ஊரில் நாங்கள் சடையாண்டி வகையறா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில் இருப்பவர்கள் வீரணன் வகையறா. இரண்டு பக்கத்துக்கும் பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போவதும் கிடையாது. காரணம் எங்கள் சாமி. எங்கள் பூட்டன் சடையாண்டிக்கு மாயாண்டி என்று ஒரு தம்பி. தண்ணீர்த் தகராறில் வீரணன் அவரை வெட்டிக் கொன்றான், வெட்டுப்பட்டவர் சாமியாகி நின்றுவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவரை வெட்டுப்பட்ட ஐயா என்போம்.

சிவராத்திரிக்கு மறுநாள் மத்தியானம் ஐயாவுக்கு ஆடு வெட்டுவோம். அரிவாளை ஓங்கியதும் வகையறாவில் மூத்தவர் சத்தமாகக் கேட்பார், "ஐயாவை வெட்டுனது யாரு?" கூட்டம் முழுக்க "வீரணன்!" என்று கத்தும். அந்தப் பேரைக் கேட்ட பிறகுதான் அரிவாள் இறங்கும். பேர் சொல்லாமல் வெட்டினால் ஐயா ஆட்டை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள். எவர் கை அரிவாள் பிடித்ததோ, அந்த வருஷம் வீரணன் வகையறாவோடு எந்தச் சண்டை வந்தாலும் அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். சண்டை வராத வருஷம் எனக்கு நினைவில்லை.

மதினி சின்னமனூர்ப் பெண். கல்யாணமாகி வந்த முதல் சிவராத்திரியில் பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் நின்றார். ஆட்டின் தலை விழுந்தது. ரத்தத்தைச் சட்டியில் பிடித்தார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது மூத்தவராக நின்ற பெரியப்பாவைப் பார்த்து மதினி கேட்டார்:

"ஏன் பெரிய மாமா, வெட்டுறது நம்ம, கறி திங்கிறது நம்ம. பேரு மட்டும் அவுகளுதா?"

பின்னால் நின்ற பெண்களுக்குச் சிரிப்பு வந்து சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. எங்கள் அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் அவர் சொல்வதுதான் சட்டம். "ஏலே முருகேசா, ஒம் பொண்டாட்டி வாயைத் தைச்சு வையி" என்று மட்டும் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்தப் பகையால்தான். பள்ளிக்கு வீரணன் வகையறா தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வருஷம் எங்கள் ஆட்கள் அவர்கள் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் எங்கள் சித்தப்பாவின் காலை உடைத்தார்கள். அதன் பிறகு பெரியப்பா என் புத்தகப் பையை வாங்கிப் பரணில் போட்டார். பந்தலில் வேலை இல்லாத நாட்களில் மதினி என்னைத் துணைக்கு என்று சொல்லி ஆபீஸுக்குக் கூட்டிப்போவார். ஜெராக்ஸ் எடுப்பேன், பின் அடிப்பேன். யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்தது.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். டீக்கடை வாசலில் வீரணன் வகையறாப் பையன் பிரபு டீ குடித்துக்கொண்டிருந்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். எங்கள் வகையறா ஆள் ஒருவர் பைக்கிலிருந்து இறங்கி நேராக அவனிடம் போனார். சட்டைக்குள்ளிருந்து அரிவாளை எடுத்ததை நான் பார்த்தேன். கழுத்துக்கு வந்த வெட்டைப் பிரபு கையைத் தூக்கித் தடுத்தான். டீ கிளாஸும் கையும் சேர்ந்து கீழே வந்தன. கை முழுக்க அறுந்து விழவில்லை, மணிக்கட்டில் தோலில் தொங்கியது. அவன் அதை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு, யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் ஓடினார்கள். மதினி அவனை நோக்கி ஓடினார். முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து, முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். "ஏத்தா முத்து, ஆட்டோவை நிப்பாட்டு!" என்று கத்தினார். நிறுத்தினேன். ஆட்டோவுக்குள் அவர் மடியில் ரத்தம் குளமாக நின்றது. பிரபு "அக்கா, என் கை, என் கை" என்றே சொல்லிக்கொண்டு வந்தான். "இருக்குடா, எங்கிட்டதான் இருக்கு" என்றார் மதினி. கையை ஒட்டவைத்துவிட்டார்கள். ஆனால் விரல்கள் மடங்குவதில்லை.

வீட்டு வாசலில் பெரியப்பா நின்றார். அந்த ரத்தத்தோடு உள்ளே வரக் கூடாது என்றார். தெருவில் வைத்தே எங்கள் அம்மா மதினியின் தலையில் தண்ணீர் ஊற்றினார். மாற்றிய சேலையைப் பெரியப்பா குச்சியால் தூக்கி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்.

"அது எங்கம்மா எடுத்துக் குடுத்த சேலை மாமா. வேற எடுத்துத் தருவீகளா?" என்றார் மதினி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பகையாளிக்குக் கட்டுப் போட்டுட்டு வந்து வாயி வேற பேசுறியா?"

"ரத்தம் வாறப்ப எந்த வகையறான்னு கேட்டுட்டா கட்டுவாக?"

பெரியப்பா அறைந்தார். மதினியின் உதடு கிழிந்தது. அண்ணன் வாசற்படியில் நின்றார், இறங்கி வரவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது உதட்டைப் பிடித்துக்கொண்டே மதினி என்னிடம் சொன்னார்: "நெலம் வாங்குறவன் மூலப்பத்திரம் பாக்காம வாங்குவானா? பழியை மட்டும் பாக்காமலே வாங்கிட்டீகளே. இதுக்கு மூலம் எங்க இருக்குன்னு நான் பாக்குறேன்."

அது அவருடைய தொழில். பத்திரத்தில் இப்போதைய பேரிலிருந்து பின்னால் போவார்கள். இவருக்கு யார் எழுதிக் கொடுத்தார், அவருக்கு யார், அதற்கு முன்னால் யார் என்று கடைசிப் பேர் வரை தேடுவார்கள். மதினி அண்ணனிடமிருந்து பின்னால் போனார். அண்ணன், அப்பா, தாத்தா, பிறகு சடையாண்டி. எங்கள் நிலத்தின் பழைய பத்திரத்தில் பாதி மாயாண்டி பேரில் இருந்தது. மாயாண்டிக்குப் பிள்ளை இல்லை. அவர் செத்ததும் அந்தப் பாதி சடையாண்டிக்கு வந்திருந்தது. மதினி அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். அவருக்கும் பிள்ளை இல்லை. "பிள்ளை இல்லாதவுகளைச் சாமியாக்கிட்டாச் சோறு போட வேண்டியதில்ல, முத்து. வருசத்துக்கு ஒரு ஆடு போதும்" என்றார்.

தாலுகா ஆபீஸ் பழைய இறப்புப் பதிவில் மாயாண்டியின் பேர் கிடைத்தது. சாவுக்குக் காரணம் வெட்டுக்காயம் என்றிருந்தது. அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் மதுரை ஜில்லாதான். பழைய வழக்குக் கட்டுகள் இருக்கும் அறையில் ஒரு கிளார்க், "என்னம்மா, சொத்துக் கேஸா?" என்று கேட்டார்.

"இல்ல சார், சாமி கேஸு."

"சாமி வாதியா, பிரதிவாதியா?"

"செத்தவரு சார். அவருக்காக நாங்க அலையுறோம்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கட்டு கிடைக்கவில்லை, கரையான் தின்றிருந்தது. "அப்ப பேப்பர்ல பாருங்க. கொலைக் கேஸுன்னா போட்டிருப்பாக" என்று அவர்தான் வழி சொன்னார். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரே நாளில் முடியவில்லை, பல நாள் போனோம். மதினி ஆங்கிலப் பேப்பரைப் பார்ப்பார், நான் தமிழ்ப் பேப்பரைப் பார்ப்பேன். என் கண்ணில்தான் பட்டது. கம்பம் பக்கத்துக் கொலைக்குத் தீர்ப்பு என்று இருந்த சின்னச் செய்தியை மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

தோட்டத்தில் படுத்திருந்த மாயாண்டியைச் சொத்துக்காக வெட்டியது அவருடைய சொந்த அண்ணன் சடையாண்டி. பிடரியில் ஒரு வெட்டு, தோளில் ஒரு வெட்டு. தடுத்ததில் விரல்கள் போயிருந்தன. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வீரணன் சத்தம் கேட்டு ஓடி வந்து சடையாண்டியைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவருக்கும் முன்கையில் வெட்டு விழுந்திருக்கிறது. கோர்ட்டில் நேரில் பார்த்ததாகச் சாட்சி சொன்னது அவர்தான். சடையாண்டி பல வருஷம் ஜெயிலுக்குப் போனார்.

படித்து முடித்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தேன். மதினி முதுகைத் தடவிவிட்டார்.

"காப்பாத்த ஓடியாந்தவன் பேரைச் சொல்லியா இத்தனை வருசமா வெட்டுறோம்?" என்றார். கொஞ்சம் கழித்து, "நம்ம ரெண்டு பேரு ஒடம்புலயும் அந்த வெட்டுனவன் ரத்தம் இல்லைனு நெனைச்சுக்கிடலாம்னா, ஒனக்கு இருக்கே. நான் தப்பிச்சேன்" என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அந்த வருஷம் அரிவாள் பிடிக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணன்தான் அரிவாள் பிடிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பிரபுவின் கைக்குப் பதிலாக அவர்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. பேர் சொல்லி ஆடு வெட்டினால் அண்ணன்தான் அந்த ஆள். மதினி ஜெராக்ஸ் எடுத்த செய்தியோடு பெரியப்பா முன்னால் போய் உட்கார்ந்தார். நான் கதவு ஓரம் நின்றேன். சொன்னதையெல்லாம் பெரியப்பா பீடியை இழுத்துக்கொண்டே கேட்டார். பேப்பரைக் கையில் வாங்கவே இல்லை.

"இதைக் கண்டுபிடிக்கவா மதுரைக்குப் போனே? எனக்குத் தெரியும்ல. எங்கப்பன் சாகுறப்பச் சொல்லிட்டுத்தான் செத்தாக" என்றார்.

மதினி நீட்டியிருந்த பேப்பரை மடித்துத் தன் மடியில் வைத்தார்.

"தெரிஞ்சுமா மாமா?"

"தெரிஞ்சா என்னத்தா? சாமிக்கு ஒரு பேரு வேணும். சொந்தப் பாட்டன் பேரைச் சொல்லி ஆடு வெட்டச் சொல்றியா? வீரணன் கோர்ட்டுல போயி நம்மளைக் காட்டிக் குடுத்தவன். அதுக்குத்தான் பகை. வெட்டுனதுக்கு இல்ல."

"அப்ப அதைச் சொல்லி வெட்டுங்க. காட்டிக் குடுத்தது யாருன்னு கேளுங்க. வீரணன்னு நானும் சொல்றேன்."

பெரியப்பா பீடியைத் தரையில் தேய்த்தார். "இங்கன வந்து பிள்ளை பெறத் துப்பு இல்ல, எங்க ஆதியை நோண்டுறியா?" என்றார். மதினி எழுந்து வந்துவிட்டார். அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஆட்டை வெட்டுங்க, நான் வேணாங்கல. அந்தப் பேரு காதுல விழுந்து அருவாளை எறக்காதீக. எறக்குனா நான் ஒங்களைப் பொணமாத்தான் வாங்கணும்." அண்ணன் சரி என்றார்.

சிவராத்திரிக்கு மறுநாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது தலையைக் குலுக்கியதும் கொட்டு ஏறியது. அண்ணன் அரிவாளை ஓங்கினார். பெரியப்பா கேட்டார், "ஐயாவை வெட்டுனது யாரு?"

கூட்டம் வாயைத் திறப்பதற்கு முன்னால் பெண்கள் வரிசையிலிருந்து மதினி முன்னால் போனார். ஆட்டுக்கும் அரிவாளுக்கும் நடுவில் நின்றார்.

"சடையாண்டி!" என்றார். "கூடப்பெறந்த அண்ணன் சடையாண்டி!"

கொட்டு நின்றது. பெரியப்பா இன்னொரு முறை கேட்டார். மதினி இன்னும் சத்தமாகச் சொன்னார். அண்ணன் அரிவாளைத் தாழ்த்தினார். பெரியப்பா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி மதினியின் பின்மண்டையில் இறக்கினார். அரிவாளைத் திருப்பித்தான் அடித்தார், வெட்டவில்லை என்று வீட்டுக்குள் மட்டும் அம்மா சொல்கிறார். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மதினி முகம் குப்புறப் பீடக் கல்லில் விழுந்தார். ஆட்டு ரத்தம் பிடிக்க வைத்திருந்த சட்டி காலில் பட்டு உருண்டது. ஆடு மாலையோடு ஓடியது.

மதினியின் ரத்தம் மண்ணில் இறங்குவதற்குள் ஒரு குரல், "வீரணன் வகையறா கல்லெறிஞ்சானுக!" என்றது. யார் சொன்னது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த நொடி எல்லோரும் அதையே சொன்னார்கள். தங்கள் கண்ணால் பார்த்ததை அத்தனை பேரும் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். ஆண்கள் கம்போடும் அரிவாளோடும் வாய்க்காலைத் தாண்டி ஓடினார்கள். பிரபுவின் டிராக்டரைக் கொளுத்தினார்கள். அவன் அப்பாவை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துப் போட்டு அடித்ததில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது.

நானும் அண்ணனும் மதினியை வண்டியில் ஏற்றினோம். தலை என் மடியில் இருந்தது. கண்ணை மூடியபடியே கேட்டார், "ஆடு என்னாச்சு?"

"ஓடிருச்சு மதினி."

"ஓடட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ் வந்தது. பெரியப்பாவும் வந்திருந்தார், சட்டை மாற்றியிருந்தார். வந்தவர்கள் வரிசையாகக் கல் என்றார்கள். அம்மா கல் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் பாக்கல சார்" என்றார். என்னையும் கேட்டார்கள். நான் சொன்னது எழுதிய ஏட்டையாவுக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லும்மா, யாரு அடிச்சது?" என்றார்.

"எங்க பெரியப்பா" என்றேன். "அருவாளால. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்." கையெழுத்துப் போட்டேன்.

பெரியப்பா இப்போது ஜெயிலில் இருக்கிறார். மதினி செத்த பிறகு வழக்கு கொலை வழக்காகிவிட்டது. கல் வந்து விழுந்தது என்று உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால், அது பொய்.

மதினியை எடுத்த அன்று பிரபு வந்தான். வீரணன் வகையறாவில் ஒருவர் எங்கள் தெருச் சாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெருமுனையில் எங்கள் ஆட்கள் மறித்தார்கள். அண்ணன் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்து நடத்தி வந்தார். அவனுடைய வலது கையால் மாலையைப் பிடிக்க முடியவில்லை. மறுமுனையை அண்ணன் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து போட்டார்கள். சாவைச் சொன்ன அந்தப் போனுக்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

தெருவில் இப்போது என்னை "வீரணன் வகையறாப் பிள்ளை போகுது பாரு" என்கிறார்கள். பந்தலுக்குப் போகும்போது பின்னாலிருந்து கல் வருகிறது. அம்மா எனக்குச் சோறு போடுகிறார், முகம் பார்ப்பதில்லை.

மதினியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. செய்தியின் ஜெராக்ஸையும் யாரோ அடுப்பில் போட்டுவிட்டார்கள். கேட்ட கேள்விக்கு எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்வதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. வருகிற சிவராத்திரிக்கு அரிவாள் யார் பிடிப்பது என்று இப்போதே பேச்சு நடக்கிறது. யார் பிடித்தாலும், ஐயாவை வெட்டியது யார் என்று கேட்கும்போது நான் பெண்கள் வரிசையில் முன்னால் நிற்பேன்.